மூன்றாம் மாடி, ஆளில்லாத படம்

பேய்க் கதை சொல்பவர்கள் இரவில் தொடங்குவார்கள். என்னிடம் இரவு இல்லை. எனக்கு நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், பன்னிரண்டு பத்துக்கும் ஒன்று இருபதுக்கும் இடையில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த ஒரு புதிய உடுப்புக் கடைக்குள். நேரங்களை நினைவிலிருந்து எழுதவில்லை. கமெரா ஒவ்வொரு படத்துக்கும் நொடி வரை நேரம் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் உண்டு. யாரையும் நம்பவைக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடை காத்தான்குடியில், வாவிப் பக்கமாக இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன். அங்கே இப்போதும் வியாபாரம் நடக்கிறது. ஆட்கள் பிழைக்க வேண்டும்.

என் தொழில் கடைகளைப் படம் எடுப்பது. கல்யாணம், பிறந்தநாள் எடுப்பதில்லை. கட்டி முடித்த கடையின் உள் அமைப்பு, வெளிச்சம், தட்டுகள், படிகள், இவைதான் என் வேலை. கட்டடக் கலைஞர்கள் கூப்பிடுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஒரு மனிதர் நின்றால் பார்ப்பவரின் கண் அவரிடம் போய்விடும். வளைவையும் வெளிச்சத்தையும் யாரும் பார்க்கமாட்டார்கள். எட்டு வருடமாக ஆளில்லாத இடங்களையே படம் எடுத்து எனக்கு அதில் நல்ல பெயர்.

இன்ஷிரா என் மனைவி. ஜனவரியில் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். அன்று நான் கொழும்பில் ஒரு சப்பாத்துக் கடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்து புறப்பட்டபோது மழை. வழியில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. பஸ் ஒன்பது மணித்தியாலம் நின்றது. நான் வீட்டுக்கு வந்து சேரும்போது அவளை அடக்கம் செய்து ஆறு மணித்தியாலம் ஆகியிருந்தது. எங்களிடம் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கமாட்டார்கள். அது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய படமும் என்னிடம் இல்லை. முகத்தை எடுக்க விடமாட்டாள். "கடையப் படம் எடுக்கிற ஆளுக்கு என்னத்துக்கு என்ர முகம்?" என்பாள். என் போனில் அவளுடைய முதுகு பதினாறு படம். கை நான்கு படம். அடையாள அட்டையில் இருப்பது பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி. எனக்கு அவளைத் தெரியாது. மாதம் போகப்போக இன்ஷிராவின் முகம் எனக்குள் மங்கத் தொடங்கியது. முதலில் மூக்கு. பிறகு வாய். நான் அழவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தால் அழுவேன் என்று நினைத்திருந்தேன். ஐந்து மாதமாக எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தடவை. முகம்.

இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். அவள் போன பிறகும் நான் அவளுடைய வீட்டில்தான் இருக்கிறேன். அவளைப் பெற்ற மாமியும் எங்கள் நாலு வயது மகளும் நானும்.

ஜூன் மாதம் ஜிப்ரி கூப்பிட்டான். அந்தக் கடையை வடிவமைத்தவன் அவன்தான். என்னோடு கம்பஸில் படித்தவன்.

"மூணாவது மாடிய வெள்ளிக்கிழம பகல்லதான் எடுக்கணும்டா. உச்சி வெயில்ல வாவித் தண்ணிர வெளிச்சம் சீலிங்ல வந்து ஆடும். அதுக்காகத்தான் அந்தக் கண்ணாடியே வச்ச."

"பகல்ல சனம் இரிக்குமே."

"ஜும்ஆ நேரத்துல எந்தச் சனம்?" என்றான். "நீ தொழப் போறல்லயா?"

"இல்ல."

"எப்ப இருந்து?"

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டேன். அவன் அதைப் பிறகு கேட்கவில்லை.

மூன்றாம் மாடி பெண்களுக்கு மட்டும். கடை திறந்திருக்கும் நேரம் ஆண்கள் ஏற முடியாது. அதற்குத் தனிப் படி. ரோட்டிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாதபடி படி இரண்டு தடவை திரும்பும். ஆகவே எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐந்துக்கு, கடையில் வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். முதலாளி சாலிஹ் ஹாஜியார் பூட்டுகளின் திறப்புக்கோர்வையோடு வாசலில் நின்றார்.

"என்ன மகன், நீ வாறல்லயா?"

"வேல இரிக்கி ஹாஜியார்."

"வேல ஆருக்கு இல்ல? சரி, ளுஹரயாவது தொழுதிரு." சட்டரில் கை வைத்தார். "நான் பூட்டிட்டுத்தான் போவன். ஜும்ஆ நேரம் கட தொறந்து கிடந்தா ஊரே என்னக் கேக்கும். உள்ளுக்க பயமில்லயே?"

"என்னத்துக்குப் பயம்?"

"அதுவும் சரிதான். மேல பொம்புளைகள்ற உடுப்பு மட்டுந்தான் இரிக்கி. வெக்கப்படாம எடு."

சிரித்துக்கொண்டே சட்டரை இழுத்தார். பூட்டு விழுந்த சத்தம். 12:10.

மேலே ஏறினேன். ஜிப்ரி நன்றாகச் செய்திருந்தான். கூரைத் தட்டு அடிக்காமல் கொங்கிரீட்டை அப்படியே விட்டிருந்தான். தரை மினுக்கிய சீமெந்து. நாலு அடிக்கு ஒரு கோடு வெட்டியிருந்தது. மேலிருந்து இறங்கும் கம்பிகளில் மூன்று நீண்ட தாங்கிகள். ஒவ்வொன்றிலும் பதினாலு கறுப்பு ஹபாயா, உடல் முழுதும் மூடும் அங்கி. எல்லாம் ஒரே நீளம். ஒவ்வொன்றின் கீழ்விளிம்பும் தரைக்கு ஒன்பது அங்குலம் மேலே. உடுப்புகள் மிதப்பதுபோல் தெரிவதற்காக அந்த ஒன்பது அங்குலம். அங்கால் பக்கம் முழுவதும் கண்ணாடி. அதற்கு அப்பால் வாவி. வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது.

தலையில்லாத வெள்ளைப் பொம்மைகளும் ஆறு நின்றன. உங்களுக்கு இப்போது ஒரு யோசனை வரும். அது இல்லை. பொம்மைகள் கடைசிவரை அசையவில்லை.

12:14. ஏசியை நிறுத்தினேன். காற்றில் துணி ஆடினால் படம் கலங்கும். ஜன்னல் எதுவும் திறக்க முடியாத கட்டடம். காற்று முழுதாக நின்றது.

என் முறையைச் சொல்ல வேண்டும். கமெராவை ஒரு இடத்தில் நிறுத்தினால் பிறகு அதைத் தொடமாட்டேன். லெப்டொப்பிலிருந்தே இயக்குவேன். ஒரே இடத்திலிருந்து ஒன்பது படம். ஒவ்வொன்றும் எட்டு நொடி. ஒன்றில் ஜன்னல் வெளிச்சம், ஒன்றில் விளக்குகள், இன்னொன்றில் நான் கையில் பிடிக்கும் ப்ளாஷ். பிறகு ஒன்பதையும் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவேன். அதனால் ஒன்பது படத்திலும் வெளிச்சம் மட்டும்தான் மாற வேண்டும். வேறு எதுவும் மாறக் கூடாது. சரிபார்க்க அவற்றை வேகமாகப் புரட்டிப் பார்ப்பேன்.

முதல் கோணம் 12:22க்கு முடிந்தது. கமெராவைத் தூக்கி எதிர் மூலையில் வைத்தேன்.

12:31. பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியது. ஒலிபெருக்கிக் குரல் கண்ணாடிக்கு அப்பால் மெல்லக் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை.

அப்போது ஒரு சத்தம்.

கிறீச்...

கம்பியில் ஒரு உடுப்புக் கொளுவி நகரும் சத்தம். கடைகளில் நாள் முழுதும் கேட்கும் சத்தம்தான். ஒரு பெண் உடுப்பைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது வருமே, அது.

திரும்பிப் பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. கம்பி சூட்டில் விரிந்திருக்கும் என்று எண்ணினேன். வேலையைத் தொடர்ந்தேன்.

12:41:16. இரண்டாம் கோணத்தின் நாலாவது படம்.

புரட்டிப் பார்த்தேன். மூன்று. நாலு. மூன்று. நாலு.

தூரத்துத் தாங்கியின் கடைசியில், ஒரு ஹபாயா தரையைத் தொட்டது.

மற்ற எல்லாவற்றுக்கும் கீழே ஒன்பது அங்குல வெளிச்சம். அதற்குக் கீழே இல்லை. கறுப்பு நேராகத் தரைவரை இறங்கியிருந்தது.

கழன்று சரிந்திருக்கும். எழுந்து போய்ப் பார்த்தேன். எதுவும் சரியவில்லை. எல்லாம் ஒரே வரிசை. குனிந்து கீழால் பார்த்தேன். வெறும் தரை. எண்ணினேன். பதினாலு.

திரும்பி வந்து படத்தில் எண்ணினேன். பதினைந்து.

12:44:02. அடுத்த படம்.

அந்தத் தாங்கியில் இப்போது பதினாலு. நடுத் தாங்கியில் பதினைந்து.

கண்ணால் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் இறங்கி ஓடியிருப்பீர்கள். நானும் ஓடியிருக்கத்தான் வேண்டும். சட்டர் பூட்டியிருந்தது என்பது காரணமில்லை. நான் ஓட நினைக்கவேயில்லை. இன்னொரு படம் எடுத்தேன்.

12:46:40.

தாங்கிகளுக்கு வெளியே, தரையின் நடுவில், தனியாக நின்றது. ஒரு பெண். கறுப்பு ஹபாயா. தலையும் மூடியிருந்தது. முதுகு என் பக்கம். முகம் வாவிப் பக்கம். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்து வைத்து இன்ஷிராவுக்கு அப்படித்தான் இறங்கியிருக்கும்.

பதினாறு முதுகுப் படம் வைத்திருக்கும் ஆள் நான். எனக்கு முதுகுகள் தெரியும்.

எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் பிழை.

"இன்ஷிரா," என்றேன்.

குரல் சீமெந்தில் பட்டுத் திரும்பி வந்தது. கூரையில் வெளிச்சம் ஆடியது. வேறு எதுவும் இல்லை.

12:49:11. படம்.

நாலு அடிக் கோடுகள் எனக்கு உதவின. முன் படத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவே ஏழு கோடு. இதில் ஐந்து. முதுகு அப்படியே என் பக்கம்.

அவள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"இன்ஷிரா. ஒருக்காத் திரும்புங்களன். முகத்த மட்டும் பாக்கணும்."

12:51:30.

மூன்று கோடு. முதுகு.

ஸ்ஸ்ர்...

சீமெந்தில் துணி இழுபடும் சத்தம். என் முன்னால். வெறும் தரையில்.

ஸ்ஸ்ர்...

அவளுடைய வாசனை எதுவும் வரவில்லை. அதைக் கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

12:54. குத்பா முடிந்து தொழுகை தொடங்கியது. ஊர் முழுவதும் அடங்கியது. ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம்கூட இல்லை. இந்த ஊரில் அந்தச் சில நிமிடம் ஓர் ஆண் ரோட்டில் இருக்கமாட்டான்.

12:55:48.

ஒரு கோடு.

தலையை மூடிய துணியின் தையல் தெரிந்தது. நூல் தெரிந்தது.

"திரும்புங்க," என்றேன். "இன்ஷிரா. திரும்புங்க."

ஸ்ஸ்ர்...

பள்ளியில் ஆயிரம் ஆண்கள் ஒரே குரலில் ஆமீன் சொன்னார்கள். கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.

துணிச் சத்தம் நின்றது.

ஆமீன் ஓய்ந்தது.

ஸ்ஸ்ர்...

12:57:05.

படம் முழுவதும் கறுப்பு.

லென்ஸில் மூடி இல்லை. விளக்குகள் எரிந்தன. என் கண்ணுக்குக் கமெராவின் முன்னால் எதுவும் இல்லை. கையை நீட்டிப் பார்த்தேன்.

கை குளிர்ந்தது. விரல் நுனிகள் மட்டும்...

எனக்கு முகம் வேண்டும். அது திரும்பாது என்று விளங்கியது. இங்கே திரும்பாது. வேறு இடத்தில் திரும்பலாம்.

அதனால் சொன்னேன்.

"வீட்ட வாங்க இன்ஷிரா. மகள் உங்களத் தேடுறா. வீட்ட வாங்க."

12:58:07. படம்.

கடை வெறுமையாக இருந்தது.

பதினாலு. பதினாலு. பதினாலு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்பது அங்குல வெளிச்சம். ஜிப்ரி கேட்ட படம் அதுதான். ஆளில்லாமல், சுத்தமாக.

உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. 1:20க்குச் சட்டர் ஏறியது. சாலிஹ் ஹாஜியார் படியடியில் நின்று கூப்பிட்டார்.

"முடிஞ்சா மகன்?"

"முடிஞ்ச."

நான் இறங்கி வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "என்ன, வேர்த்து ஊத்துது. ஏசியப் போட்டிருக்கலாமே."

"துணி ஆடும்."

"துணி ஆடினா என்ன, நீ மயங்கி விழுந்தா நானெல்லோ ஊருக்குப் பதில் சொல்லணும்." சோடா ஒன்றை எடுத்து நீட்டினார். குடித்தேன். வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் எல்லாம் வழமைபோல் இருந்தது. மாமி சோறு போட்டார். மகள் பின் கதவடியில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பயந்த ஒருவன் இப்படி எழுதமாட்டான் என்று தெரியும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜிப்ரிக்குப் படங்களை அனுப்பினேன். முதல் கோணத்தில் எடுத்ததையும், 12:58இல் எடுத்ததையும். அரை மணித்தியாலத்தில் கூப்பிட்டான்.

"டேய், முதல் படத்துல தூரத்துத் தாங்கியில பதினஞ்சு தொங்குது."

"எண்ணினியா?"

"நான் போட்ட தாங்கிய நான் எண்ணமாட்டனா? ஒரு தாங்கிக்குப் பதினாலு கொளுவிதானே செஞ்ச. பதினஞ்சாவது எதுல தொங்குது?"

அந்தப் படம் 12:22க்கு எடுத்தது. சத்தம் வருவதற்கு முன்னால். அதாவது நான் ஏறும்போதே...

"அழிச்சிடுறன்," என்றேன்.

"அழி. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு." அவன் வைத்துவிட்டான்.

நான் அழித்து அனுப்பினேன். மூலப் படத்தை வைத்துக்கொண்டேன். அது அவளுடைய முதுகு. நேர வரிசையில் பதினேழாவது.

புதன்கிழமை மாமி ஒன்று கேட்டார்.

"மருமகன், புள்ள ரெண்டு மூணு நாளா ஆருக்கோ 'ஓ' சொல்றா. நீங்க கவனிக்கல்லயா?"

"விளையாட்டா இரிக்கும்."

"விளையாட்டெண்டா பேசணும், பாடணும். இது கூப்பிட்டாச் சொல்ற மாதிரியெல்லோ சொல்றா. நான் கூப்பிடல்ல."

அன்று பின்னேரம் நானும் கேட்டேன். மகள் பாயில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது. தலை நிமிர்ந்தது. "ஓ," என்றாள், பின் கதவுப் பக்கம் பார்த்து. பிறகு மறுபடி கீறினாள்.

நான் கூப்பிடவில்லை. மாமி குளியலறையில்.

உங்களிடம் ஒளிக்கமாட்டேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. இன்ஷிரா வந்துவிட்டாள். நான் சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டாள். எனக்குக் காட்டாவிட்டாலும் பிள்ளைக்காவது முகத்தைக் காட்டுவாள்.

மூன்று நாள் அப்படி இருந்தேன். மகள் 'ஓ' சொல்லும்போதெல்லாம் பின் கதவைப் பார்த்துச் சிரித்தேன். இரவில் அந்தக் கதவைப் பூட்டாமல் விட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம், 5:35. மாமி கடைக்குப் போயிருந்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உன்ன ஆரு கூப்பிடுற?"

"உம்மா."

"எப்ப வந்தவ?"

"வெள்ளிக்கிழம. மூத்தம்மா தொழக்குள்ள."

மூத்தம்மா என்றால் என் மாமி. ஜும்ஆ நேரத்தில் அவர் வீட்டில் பகல் தொழுகையான ளுஹரைத் தொழுவார். ஒரு மணியளவில். கடையில் நான் அவளைக் கூப்பிட்ட அந்த வெள்ளி, அதே நேரம்.

"எங்க நிண்டவ?"

"கதவடியில. அங்கால பாத்துக்கிட்டு."

"முகம் காட்டினவவா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"வேற என்ன செஞ்சவ?"

"ஒண்டும் செய்யல்ல. கேட்டவ."

"என்ன கேட்டவ?"

மகள் என் சட்டைப் பொத்தானைத் திருகினாள்.

"என்ர பேரு என்னண்டு கேட்டவ."

வாசலில் வெயில் இருந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததே இன்ஷிராதான்.

"நீ சொன்னியா?"

"ஓம் வாப்பா," என்றாள். "சொன்னன்."